சின்ன விமானத்தில் வழி பார்க்க டேப்லெட் போதுமா?

ராயபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ப்ளஸ் டூ முடித்துவிட்டு விமானி உரிமத்துக்கான பயிற்சியில் சேரப் போகிறாராம். அப்பாவுக்குக் காசிமேட்டில் விசைப்படகு. “படகில் ஜிபிஎஸ் வந்த பிறகு யாரும் வரைபடம் விரிப்பதில்லை. விமானத்தில் மட்டும் எதற்குக் காகித சார்ட், பென்சில், ஸ்கேல் எல்லாம்? ஒரு நல்ல டேப்லெட் வாங்கிக்கொண்டால் போதாதா? வாங்குவதென்றால் எதை வாங்குவது?” இதுதான் கேள்வி. சிறு விமானங்களில் பறக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை, வளர்ந்தது தண்டையார்பேட்டை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டேப்லெட் வாங்குங்கள் தம்பி. ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பி ஓடுபாதையை விட்டுக் கிளம்பாதீர்கள். எல்லாக் கருவிக்கும் சொல்லும் பொதுவான எச்சரிக்கை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்சாஸில் பறப்பவர் மடியில் இருப்பதும் சென்னையில் பறப்பவர் மடியில் இருப்பதும் ஒரே டேப்லெட்தான். அதற்குள் போடக் கிடைக்கும் விவரம்தான் அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி. நம் ஊரில் பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அது செய்யும் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஐபேட் 2010இல் வந்தது. மறு ஆண்டே அலாஸ்கா ஏர்லைன்ஸ் தன் விமானிகள் சுமந்த கனமான கையேடுகளுக்குப் பதிலாக ஐபேடைக் கொடுத்தது. 2013க்குள் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் முழுக்க மாறிவிட்டது. சின்ன விமானக்காரர்களுக்கு அது இன்னும் பெரிய வரம். லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவிப் பலகையில் பொருத்த வேண்டிய நகரும் வரைபடம், ஆயிரங்களில் மடிக்கு வந்துவிட்டது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், தரையின் மேல் எந்தத் திசையில் நகர்கிறீர்கள், என்ன வேகம், அடுத்த விமான நிலையத்துக்கு எத்தனை நிமிடம், எஞ்சின் நின்றால் பக்கத்தில் எந்த ஓடுபாதை என்று எல்லாமே ஒரே பார்வையில் தெரியும். 1972 செப்டம்பரில் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் ஒன்று, பம்பாய் சாந்தாகுரூஸ் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த சின்ன ஜுஹு விமான நிலையத்தில் இறங்கி, ஓடுபாதையைத் தாண்டி ஓடி நின்றது. அனுபவமுள்ள விமானிகள் ஓட்டிய விமானம் அது. இங்கேயும் மீனம்பாக்கத்துக்கும் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் இடையே நேர்கோட்டில் பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். இந்த மாதிரிக் குழப்பத்தை நகரும் வரைபடம் போல வேறு எதுவும் தீர்ப்பதில்லை.

இப்போது உங்கள் அப்பாவின் படகுக்கு வருவோம். அவர் ஜிபிஎஸ்ஸை நம்புவது நியாயம்தான். ஆனால் அவருக்கு ஜிபிஎஸ் இரண்டாவதாக வந்தது. அதற்கு முன்பே கரையில் இரண்டு அடையாளங்களை நேராக வைத்து இடம் பார்க்கவும், காற்றும் நீரோட்டமும் படகை எந்தப் பக்கம் தள்ளும் என்று கணிக்கவும் கற்றுவிட்டார். கருவி அணைந்தாலும் எண்ணூர்ப் புகைபோக்கிகளையும் மெரினா கலங்கரை விளக்கத்தையும் வைத்துத் துறைமுக வாயை அடைந்துவிடுவார். உங்களிடம் அந்த முதல் அறிவு இன்னும் இல்லை. பயிற்சிக் காலத்தில் அதைச் சேர்க்காவிட்டால் பிறகு சேர்வதும் இல்லை. படகுக்கு இன்னொரு வசதி உண்டு. சந்தேகம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, நின்று யோசிக்கலாம். எட்டு நாட், அதாவது மணிக்கு எட்டு கடல்மைல், வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 250 மீட்டர் நகரும். பயிற்சிக்குப் பயன்படும் சிறு விமானமான செஸ்னா 172 சாதாரணமாகப் போகும் 110 நாட் வேகத்தில் அதே ஒரு நிமிடத்தில் 3.4 கிலோமீட்டர் கடந்திருக்கும். அதை நிறுத்தி வைத்து யோசிக்க வழியில்லை.

விவரக் குறை என்றேனே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து நிர்வாகமே கண்பார்வைப் பறப்புக்கான சார்ட்டுகளைக் கணினி வடிவில் இலவசமாகத் தருகிறது. 56 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறது. ஃபோர்ஃபிளைட், கார்மின் பைலட் போன்ற ஆப்கள் அதை அப்படியே எடுத்துத் திரையில் விரிக்கின்றன. ஐரோப்பாவுக்கு ஸ்கைடெமன் இருக்கிறது. கம்பம், கோபுரம், தடைப் பகுதி, ரேடியோ அலைவரிசை எல்லாம் அதே வரைபடத்தில் இருக்கும். இந்தியாவில் விமான நிலைய ஆணையம் தன் வான்வழித் தகவல் தொகுப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அது நல்ல, முழுமையான ஆவணம், 28 நாள் சுழற்சியில் திருத்தப்படுகிறது. ஆனால் அதில் தடைப் பகுதிகள் பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று எழுத்தாகவும் அட்டவணையாகவும்தான் இருக்கும். தாழப் பறப்பவருக்கு நேராகத் திரையில் விரியும் அமெரிக்கச் சார்ட் போல ஒன்று கிடைப்பதில்லை. வெளிநாட்டு ஆப்பில் இந்தியாவைத் திறந்தால் பெரிய விமான நிலையங்களும் ஜெட் விமானங்கள் போகும் உயர்வழிகளும் ஒழுங்காகத் தெரியும். அவற்றுக்குக் கீழே, நீங்கள் பறக்கப் போகும் இரண்டாயிரம் மூவாயிரம் அடியில், திரை பல இடங்களில் வெறுமையாக இருக்கும். வெறுமையான திரை “இங்கே ஒன்றும் இல்லை” என்று சொல்வது போலத் தோன்றும். அங்கேதான் ஆபத்து.

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வட சென்னையிலிருந்து கரையோரமாக வடக்கே ஒரு கோடு போட்டால் காசிமேடு, எண்ணூர் முகத்துவாரம், காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று அழகாகப் போகும். அதற்கு அடுத்து ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் அந்த வான்பரப்பும் கடற்பரப்பும் மூடப்படும். அன்றைக்குக் கடலுக்குள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உங்கள் அப்பாவுக்கும் எச்சரிக்கை வரும். விமானிக்கு அதே செய்தி நோட்டம் என்ற அறிவிப்பாக வரும். நேரம் மாறும், நாள் தள்ளிப்போகும். காலையில் பதிவிறக்கிய வரைபடம் அதைச் சொல்லாது. மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம், தெற்கே தாம்பரம், அதற்கும் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். இத்தனைக்கும் நடுவில், சர்வதேச விமானங்கள் வந்து இறங்கும் மீனம்பாக்கத்தின் கட்டுப்பாட்டு எல்லை. இவற்றுக்கு நடுவே பறக்க, பறப்புத் திட்டம் தாக்கல் செய்து, விமானத் தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண்ணும் வான் பாதுகாப்பு அனுமதியான ஏடிசி எண்ணும் வாங்க வேண்டும். இந்த ஏடிசி வேறு, கட்டுப்பாட்டுக் கோபுரத்து ஏடிசி வேறு. புதிதாக வருகிறவர்கள் இங்கே குழம்புவதுண்டு. திரையில் விரலால் கோடு இழுப்பது பத்து வினாடி வேலை. அந்தக் கோடு பறக்கத்தக்க பாதைதானா என்பதை இந்தியாவில் எந்த ஆப்பும் முடிவாகச் சொல்லாது. வான்வழித் தகவல் தொகுப்பையும் நோட்டங்களையும் நீங்களே படித்து, தடைப் பகுதிகளை உங்கள் கையால் சார்ட்டில் வரைய வேண்டும். வரைந்ததை ஆப்பிலும் புள்ளி புள்ளியாக ஏற்றலாம். நான் சொல்லிக்கொடுப்பவர்களை அப்படித்தான் செய்யச் சொல்கிறேன். கையால் வரைந்த எல்லை மனதில் நின்றுவிடுகிறது.

காகிதம் என்றால் எல்லாம் சரி என்றும் இல்லை. பயிற்சிப் பள்ளிகளில் புழங்கும் பத்து லட்சத்துக்கு ஒன்று அளவுள்ள சார்ட் சில நேரம் மிகப் பழையதாக இருக்கும். எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது 2001இல். காட்டுப்பள்ளித் துறைமுகம் அதற்கும் பிறகு வந்தது. அதற்கு முந்தைய சார்ட்டில் அந்த நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் இருக்காது. வானத்திலிருந்து பார்த்தால் அந்தக் கடற்கரையில் கண்ணுக்கு முதலில் படுவதே அவைதான். கடல் அரிப்பைத் தடுக்கத் திருவொற்றியூர்ப் பக்கம் கொட்டிய கல் தடுப்புகளால் கரையின் வடிவமே மாறியிருக்கிறது. இந்த இடத்தில் டேப்லெட்டின் செயற்கைக்கோள் படம் காகிதத்தைவிட நூறு மடங்கு நம்பகமானது. கிளம்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து, வழியில் வரப்போகும் அடையாளங்களை அந்தப் படத்தில் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

உயரம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சென்னையில் இது தனிச் சிக்கல். ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது, பூமிக்குப் பதிலாகக் கணக்குக்காக வைத்துக்கொண்ட வழவழப்பான ஓர் உருண்டையிலிருந்து. உண்மையான கடல்மட்டம் அந்த உருண்டையோடு ஒட்டி இருப்பதில்லை. ஈர்ப்பு குறைவாக உள்ள இலங்கைக்குத் தெற்குக் கடலில் அது 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. சென்னையில் ஏறத்தாழ 90 மீட்டர். இந்தத் திருத்தத்தைச் செய்யாத ஆப்பை வைத்துக்கொண்டு காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நின்றால், நீங்கள் கடல்மட்டத்துக்குக் கீழே 80, 90 மீட்டரில் இருப்பதாகக் காட்டும். சில ஆண்ட்ராய்டு ஆப்களில் இதைப் பார்க்கலாம். 90 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 300 அடி. தாழப் பறக்கும் விமானத்துக்கு அது சின்ன எண் இல்லை. திருத்தம் செய்யும் ஆப் என்றாலும் வேறு ஒரு வேறுபாடு இருக்கிறது. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை அளக்கிறது. அது கடல்மட்டத்தில் 15 டிகிரி என்ற கணக்கில் செய்யப்பட்டது. சென்னையில் 35 டிகிரி அடிக்கும் நாளில் உயரமானி 5,000 அடி காட்டினால், உண்மையில் நீங்கள் இன்னும் ஒரு 400 அடி மேலே இருப்பீர்கள். டேப்லெட் சரியான உயரத்தைச் சொல்லும், உயரமானி ‘தவறாக’ச் சொல்லும். ஆனால் வானத்தில் எல்லா விமானங்களும் அதே உயரமானிக் கணக்கில்தான் ஒன்றையொன்று விலகிப் பறக்கின்றன. ஆகவே கோபுரத்துக்குச் சொல்வதும், நீங்கள் பிடித்துப் பறப்பதும் உயரமானி காட்டும் எண்ணாகவே இருக்க வேண்டும்.

அடுத்து வெயில். ஐபேட் இயங்குவதற்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பு 0 முதல் 35 டிகிரி. அணைத்து வைத்திருக்க மேல் வரம்பு 45. கத்திரி வெயிலில் சென்னையின் நிழல் வெப்பமே முதல் வரம்பைத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. வெயிலில் நிற்கும் செஸ்னாவின் கண்ணாடிக்குள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வெப்பம் மிகும்போது முதலில் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், பிறகு “குளிர்ந்த பின் பயன்படுத்தவும்” என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை மட்டும் நிற்கும். வரைபடம் போய்விடும். பெரும்பாலும் இது நடப்பது தரையிலும், கிளம்பிய முதல் சில நிமிடங்களிலும்தான். மேலே ஏற ஏற ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி குறையும் என்பதால் பிறகு தேறிவிடும். ஆகவே தடித்த உறையைக் கழற்றிவிடுங்கள். நேர் வெயில் படும் இடத்தில் பொருத்தாதீர்கள். வெயிலில் சார்ஜ் போட்டுக்கொண்டே பயன்படுத்தாதீர்கள், முழு சார்ஜோடு கிளம்புங்கள். விமானத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகும்போது டேப்லெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஜிபிஎஸ் சமிக்ஞை இல்லாமல் போகுமா என்று பலர் கேட்பதுண்டு. போகும். அந்தச் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை மிக மெலிந்தது. தரையிலிருந்து அதை அமுக்கவும் முடியும், பொய்யான சமிக்ஞையைக் காட்டி ஏமாற்றவும் முடியும். 2023 முதல் மேற்கு ஆசிய வான்வெளியில் பயணிகள் விமானங்கள் இதைச் சந்தித்து வருகின்றன. 2025 நவம்பரில் டெல்லி வட்டாரத்திலும் நடந்தது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பு ஜிபிஎஸ்ஸின் பிழையைத் திருத்தி, அதை நம்பலாமா என்றும் சொல்கிறது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் அதைக் கொண்டு ராஜஸ்தானின் கிஷன்கரில் இறங்கியது. அது விமானத்தில் பொருத்தி, சான்று பெற்ற கருவியின் வேலை. உங்கள் டேப்லெட்டுக்கு அந்தச் சான்று இல்லை. “என் இடம் தவறாக இருக்கலாம்” என்று அது தானாக எச்சரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டு டேப்லெட் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2015 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் விமானி, துணை விமானி இருவரிடமும் ஐபேட் இருந்தது. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் ஒரு சார்ட் தகவல் தொகுப்பில் இரட்டையாகப் புகுந்துவிட்டதால் ஆப் முடங்கியது. ஒரே ஆப், ஒரே தகவல் என்பதால் இரண்டு ஐபேடும் சேர்ந்தே முடங்கின. பல டஜன் விமானங்கள் தாமதமாயின. எல்லாம் தரையில் நடந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாற்று ஏற்பாடு என்றால் அது வேறு வகையானதாக இருக்க வேண்டும். டேப்லெட்டுக்கு மாற்று காகிதம். வேண்டுமானால் வேறு ஆப் போட்ட கைபேசியும் கூட இருக்கட்டும்.

மழை, மேகம் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க விமானிகள் டேப்லெட்டில் ரேடார் படத்தைப் பறந்துகொண்டே பார்க்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தரை நிலையங்கள் அதை வானத்துக்கு ஒலிபரப்புகின்றன, இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. அங்கேயே அந்தப் படம் திரையில் போட்டிருக்கும் நேரத்தைவிட 15, 20 நிமிடம் பழையதாக இருக்கலாம் என்று அவர்களுடைய விபத்து விசாரணை அமைப்பு 2012இல் எச்சரித்தது. ஓர் இடிமேகம் வளர்ந்து வெடிக்க அந்த நேரம் போதும். நம் ரேடார் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, ராஜாஜி சாலையில் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் 2002இல் வைக்கப்பட்டது. வானிலைத் துறையின் தளத்தில் ரேடார் படத்தைக் கிளம்பும் முன் பாருங்கள். மேலே போன பிறகு கைபேசி இணையத்தை நம்பாதீர்கள்.

இனி, காகிதமும் பென்சிலும் எதற்கு என்ற கேள்வியின் உள்ளே போகிறேன். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸ் வரை கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட். ஒரே ஒரு எஞ்சின் உள்ள புஸ் மாத் விமானம், வழிகாட்ட ரேடியோ ஏதும் கிடையாது. காம்பஸ், கடிகாரம், வரைபடம், கண் இவைதான் துணை. இந்த முறையின் கணக்கு இன்றும் அதேதான். மீனம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 65 கடல்மைல். 110 நாட் வேகத்தில் 35 நிமிடம். கடற்காற்று பக்கவாட்டில் பத்து நாட் வீசுகிறது, நீங்கள் திருத்தம் செய்யவில்லை என்றால், 35 நிமிடத்தில் ஆறு கடல்மைல் உள்நாட்டுக்குள் தள்ளப்பட்டிருப்பீர்கள். எவ்வளவு திருத்த வேண்டும்? 60 கடல்மைல் தூரத்தில் ஒரு டிகிரி பிசகினால் ஒரு கடல்மைல் விலகுவீர்கள் என்ற விதியை வைத்தால், பத்தை அறுபதால் பெருக்கி 110ஆல் வகுத்து, ஐந்தரை டிகிரி. ஆகவே மூக்கைக் கடல் பக்கம் ஐந்தாறு டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். மனக்கணக்கு. நம் ஊரில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம் என்பதால் இது இன்னும் எளிது. வெளிநாட்டில் பயிற்சிக்குப் போனால் இந்தச் சலுகை இருக்காது, சியாட்டில் பக்கம் அது 15 டிகிரியை ஒட்டி இருக்கும்.

இந்தக் கணக்கை நீங்கள் முன்பே போட்டு வைத்திருந்தால், டேப்லெட் காட்டும் ஒவ்வொரு எண்ணும் உங்களுக்குப் பேசும். நீங்கள் பிடித்த திசை 200, டேப்லெட் காட்டும் தரைப்பாதை 206 என்றால், காற்று கடலிலிருந்து வருகிறது என்று உடனே தெரியும். தரைவேகம் 110க்குப் பதில் 95 என்றால் எரிபொருள் கணக்கை மாற்ற வேண்டும் என்று தெரியும். கணக்குப் போடாதவருக்கு அவை வெறும் எண்கள். போக வேண்டிய வழியைக் காட்டத் திரையில் உள்ள ஊதா நிறக் கோட்டை அவர் துரத்துவார். கோடு இடப்பக்கம் போனால் இடப்பக்கம் திரும்புவார், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். பறப்பு முழுக்க வளைந்து வளைந்து போகும், கண் முழுக்கத் திரையில் இருக்கும். கண் திரையில் இருப்பதன் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு செஸ்னாக்கள் எதிரெதிரே வந்தால் நெருங்கும் வேகம் 220 நாட். ஒரு கடல்மைல் இடைவெளி 16 வினாடியில் காணாமல் போகும். ஒரு ஆப்பில் மெனுவைத் தேடி, விரலால் பெரிதாக்கி, திரும்பச் சிறிதாக்க ஆகும் நேரம் அது. அதனால் பறக்கும்போது டேப்லெட்டில் செய்யும் வேலை பார்ப்பது மட்டும்தான். தட்டச்சு, தேடல், அமைப்பு மாற்றம் எல்லாம் எஞ்சின் தொடங்கும் முன்.

இதற்குத் தரையிலேயே நல்ல பயிற்சி இருக்கிறது, செலவும் இல்லை. ஒரு ஞாயிறு காலை நண்பர் ஓட்டும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை போங்கள். முந்தின நாளே காகிதத்தில் கோடு போட்டு, காசிமேடு, டோல்கேட், திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எழுதுங்கள். வண்டியில் டேப்லெட் பைக்குள் இருக்கட்டும். கடிகாரத்தைப் பார்த்து, வந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். இரண்டாவது அடையாளத்திலேயே கன்டெய்னர் லாரிகள் உங்களை எவ்வளவு தாமதப்படுத்தின என்று தெரிந்துவிடும். எதிர்க்காற்றும் இப்படித்தான். மீதி நேரங்களை அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள். எண்ணூரில் இறங்கி டேப்லெட்டின் பதிவோடு ஒப்பிடுங்கள். வானத்தில் நீங்கள் செய்யப் போவது இதே வேலைதான்.

வாங்குவதற்கு வருகிறேன். ஐபேட் என்றால் சிம் போடும் வகையைத்தான் வாங்க வேண்டும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே இல்லை. வானத்தில் அது நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டாது. சிம் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அந்த வகையாக இருந்தால் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையது வாங்குவதென்றால் இதைக் கடைக்காரர் வாய்வார்த்தையாக விட்டுவிடாமல், அமைப்புப் பக்கத்தில் செல்லுலார் விவரம் இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை வகைகள் சிலவற்றிலும் ஜிபிஎஸ் உண்டு, மாடலைப் பொறுத்தது. ஃபோர்ஃபிளைட் ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும், கார்மின் பைலட் இரண்டிலும் ஓடும். அளவில் ஐபேட் மினிதான் செஸ்னாவுக்குப் பொருந்தும். பெரிய ஐபேட் தொடையில் வைத்தால், விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான யோக்கை முழுதாக இழுக்க விடாது. யோக்கிலேயே மாட்டினால் கருவிகளை மறைக்கும். தொடையில் கட்டும் நீபோர்டு என் தேர்வு. எங்கே வைத்தாலும், கிளம்பும் முன் யோக்கை நாலா பக்கமும் கடைசி வரை அசைத்துப் பாருங்கள்.

மூடி உறையில் காந்தம் இருக்கும். காம்பஸ் பக்கத்தில் கொண்டுபோனால் ஊசி நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காந்தம் இல்லாத உறையைத் தேடுங்கள், அல்லது உறையைப் பையில் போடுங்கள். போலரைஸ்டு கருப்புக் கண்ணாடி போட்டால் சில கோணங்களில் திரை கறுத்துவிடும், சாதாரணக் கூலிங் கிளாஸ் போதும். பெயர் தெரியாத மலிவு பவர் பேங்க்கைக் காக்பிட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். லித்தியம் மின்கலத்தில் பிடிக்கும் தீயைச் சின்ன இடத்துக்குள் அணைப்பது மிகக் கடினம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை வெளிநாட்டு விமானிகள் வைத்திருப்பதைப் பார்த்து இணையத்தில் வாங்கிவிடாதீர்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், அதற்காகக் கைதானவர்கள் இருக்கிறார்கள்.

அவசரப்பட்டு இந்த மாதமே வாங்க வேண்டாம். உரிமத்துக்கான நேவிகேஷன் தேர்வில் 70 சதவீதம் வாங்க வேண்டும், அங்கே டேப்லெட் உதவாது. முதல் பறப்புகள் எல்லாம் விமானத்தைக் கையாளக் கற்கவும் ஓடுபாதையைச் சுற்றி வரவும்தான், வழி பார்க்கும் வேலையே இருக்காது. வணிக விமானி உரிமத்துக்குத் தனியாக 300 கடல்மைல் போய், இரண்டு வெளியூர் விமான நிலையங்களில் இறங்கிவர வேண்டும். டேப்லெட் கைகொடுப்பது அந்தக் கட்டத்தில். முதலில் உங்கள் பள்ளியின் பயிற்சியாளரிடம், தனியாகப் பறக்கும்போது டேப்லெட் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேளுங்கள், பள்ளிக்குப் பள்ளி மாறும். ஃபோர்ஃபிளைட்டை முப்பது நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அந்த முப்பது நாளை வெளியூர்ப் பறப்புகள் தொடங்கும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.